கயிறு பிடித்தவள்

மார்கழி மாதத்தில் தெற்கேயிருந்து சென்னைக்கு ரயிலேறுகிறவனைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கச்சேரி கேட்கவா?" என்று விசாரிப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய வழக்கம். அந்த மாதத்தில் கல்யாண முகூர்த்தம் கிடையாது. புது வீடு குடிபோக மாட்டார்கள். ஆகவே அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு மனிதன், கையில் ரெக்ஸின் பையும் தோளில் துண்டுமாக, முத்துநகர் எக்ஸ்பிரஸில் தன் படுக்கையைத் தேடிக்கொண்டிருந்தால், அவன் ஏதோ ஒரு சபாவை நாடித்தான் பிரயாணப்படுகிறான் என்று முடிவுகட்டுவதில் பிசகில்லை. தூத்துக்குடி ஸ்டேஷனில் என்னை அப்படி விசாரித்த சிநேகிதரிடம் நான் உண்மையையே சொன்னேன்: "கச்சேரிதான். பாடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். வாத்தியம் ஒன்றே ஒன்று; அதுவும் தோல் வாத்தியம்." அவர் விழித்தார். நான் பெட்டியின் மறுகோடியைக் காட்டினேன். அங்கே எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணி, வலைப்பையில் திணித்த ஆறு பந்துகளை எந்தப் படுக்கையின் அடியில் தள்ளுவது என்று சர்ச்சை செய்துகொண்டிருந்தது.

என் சம்சாரம் இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லி வெகு காலமாயிற்று. "மத்தவுக ரிட்டயர் ஆனா ராமேஸ்வரம் போவாக, இவுக பந்து பொறக்கப் போறாக" என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்வதோடு அவள் நிறுத்திக்கொள்வாள். உப்பு வியாபார அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் கணக்கெழுதியவன் நான். மூட்டைகளை எண்ணி எண்ணிப் பழகிய புத்தி, ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவதற்கு எதையேனும் தேடிக்கொண்டே இருந்தது. வாலிபத்தில் நானும் கொஞ்சம் பந்து பிடித்தவன் என்பதாலும், கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை எனக்குத் தூரத்து உறவு என்பதாலும், சாயங்கால நடையை அந்தக் கல்லூரி மைதானத்தின் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். இப்போது ஐந்து வருஷமாக அந்த அணி போகிற இடமெல்லாம் போகிறேன். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் இருக்கும்.

எங்கள் ஊரான முத்தையாபுரம், தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது. ஒருபுறம் உப்பளங்கள், மறுபுறம் துறைமுகத்துக்கும் உரத் தொழிற்சாலைக்கும் லாரிகள் போகும் பாதைகள். கோடையில் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைப் பறிக்கும். ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் பாத்திகளெல்லாம் ஒரே ஏரியாகி, நாரைகள் வந்து நிற்கும். தை கழிந்து வெயில் ஏறுகிறவரை பலகை பிடிக்கிறவர்களுக்கு வேலையில்லை. வேலையில்லாத அந்தக் காலத்திலேயே இந்தச் சென்னைப் பந்தயமும் வந்தது. இந்த இரண்டும் ஒன்றாய் வந்து சேர்ந்ததனால்தான் இந்த முறை எங்களோடு ஒரு புதிய பிரயாணி வந்தாள்: அணியின் ஏழாம் நம்பர் சட்டைக்காரியின் தாயார். உப்பளத்தில் இருபது வருஷம் உப்பு வாரிய பெண்மணி, சென்னையைக் கண்டதில்லை, மகள் விளையாடியதையும் அதுவரை ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை. பந்தயங்களெல்லாம் அவளுக்குப் பாத்தியில் வேலை இருக்கிற நாளாகவே வாய்த்திருந்தன.

ரயில் வாஞ்சி மணியாச்சியைத் தாண்டியதும், இட்லிப் பொட்டலங்கள் பிரிந்து, மக்ரூன் பொட்டலம் கைமாறிய பிறகு, அவள் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, வெகு நாளாக மனதில் வைத்திருந்த ஒரு குறையை இறக்கிவைத்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான் எல்லாத்தையும் பாக்கீக. எம் பிள்ளைக்கு கூடையில பந்து போடத் தெரியாதா? எல்லாப் பிள்ளையளும் போடுதுவ, பேரு வாங்குதுவ. இவ மட்டும் அள்ளி அள்ளி அடுத்தவளுக்கே குடுத்துட்டு நிக்காளாம். வெவரம் பத்தாது அவளுக்கு."

நான் சிரித்தேன். ஆனால் பதில் சொல்வது அவ்வளவு சுலபமாயில்லை. ஒரு கலையின் மர்மஸ்தானம் எங்கேயிருக்கிறதோ அங்கேயே அந்த அம்மாள் விரலை வைத்துவிட்டாள். கூடைப்பந்து என்று பெயர் இருப்பதனால் கூடையில் விழுவதுதான் ஆட்டம் என்று உலகம் நினைக்கிறது. 45 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் இரும்பு வளையம், தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உயரத்தில், அசையாமல் நிற்கிறது. அது எங்கேயும் போய்விடப் போவதில்லை. ஆட்டத்தின் சௌந்தர்யமெல்லாம் அந்த வளையத்துக்குக் கீழே, பந்து விழுவதற்கு முந்திய ஐந்தாறு விநாடிகளில், அதிலும் பந்து இல்லாத கைகளில் இருக்கிறது என்பது என் துணிபு. ஆனால் உப்பு வாரிய கைகளுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டுமானால், உப்புக் காற்று அடிக்கிற ஓர் உதாரணம் வேண்டும். எங்கள் கடலிலேயே அது கிடைத்தது.

"முத்துக் குளிச்ச கதையெல்லாம் உங்க ஐயா சொல்லிக் கேட்டிருப்பியேம்மா. கயிறு பிடிக்க யாரைக் கூட்டிட்டுப் போவாங்க?" என்றேன்.

"மச்சினனத்தான்," என்றாள் உடனே.

எங்கள் கடலில் முத்துக் குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. 'தொல்லாயிரம் பார்' முதலான பார்களின் பெயர்கள் இப்போது வயதானவர்களின் வாயில் மட்டும் உயிரோடிருக்கின்றன. குளிக்கிறவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவான். மூச்சுத் தாங்குகிற வரையில் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போடுவான். கயிற்றைச் சுண்டினால், தோணியில் நிற்கிறவன் அவனைத் தூக்கியெடுக்க வேண்டும். அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? கூடப்பிறந்தவன் சொத்துக்கு ஆசைப்பட்டு ஒரு கணம் கை தளர்ந்தாலும் தளர்வான். மனைவியின் சகோதரனோ, தன் தங்கையின் தாலியை நினைத்தாவது கயிற்றை இறுகப் பிடிப்பான் என்பது எங்கள் கரையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிற பேச்சு. சிப்பி கரையேறி, ஏலம் போய், முத்து வெளிப்படும்போது குளித்தவன் பெயர்தான் ஊரில் அடிபடும். கயிறு பிடித்தவன் கையில் காய்ப்புதான் மிச்சம்.

"உன் மகள் தோணியில நிக்கிறவ" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கென்னவோ, அவளுக்கு அது முழுத் திருப்தியான பதிலாகப் படவில்லை என்று தோன்றிற்று.

இந்த ஆட்டத்தின் பூர்வோத்தரத்தைப் புரட்டினால், பெண்கள் இதற்குள் எப்படி வந்தார்கள் என்பதே ஒரு சுவாரஸ்யமான கதை. அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் அறைக்குள் அடைபட்டுத் தொல்லை செய்த மாணவர்களுக்காக, பீச் பழக்கூடைகள் இரண்டைப் பால்கனியில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி இதை உண்டாக்கினார். மறு வருஷமே, பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில் ஸ்மித் பெண்கள் கல்லூரியின் ஆசிரியை ஸெண்டா பெரன்ஸன் இதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுக்கத் துணிந்தார். 1893 மார்ச்சில் அங்கே நடந்த முதல் பந்தயத்துக்கு ஆண்பிள்ளைகளை உள்ளே விடவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1896 ஏப்ரலில், ஸ்டான்போர்டு பெண்களும் பெர்க்லி பெண்களும் ஸான் பிரான்ஸிஸ்கோவில் மோதியபோதும் அதே கட்டுப்பாடுதான். அந்த ஆட்டம் 2–1 என்ற கணக்கில் முடிந்தது. இரண்டு கல்லூரிகள் சந்தித்து, ஒரு மத்தியானம் முழுக்க ஓடி, மொத்தம் மூன்றே புள்ளிகள்! இன்றைக்கு இதைக் கேட்டு நகைப்பவர்கள் நகைக்கட்டும். அந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவில் எத்தனை முறை பந்து கைமாறியிருக்கும் என்றுதான் என் கணக்குப்பிள்ளைப் புத்தி யோசிக்கிறது.

ஸெண்டா அம்மையார் பெண்களுக்கென்று விதிகளைத் திருத்தியமைத்தார். களத்தை மூன்று பாகமாகக் கோடு கிழித்து, அவரவர் பாகத்தை விட்டு அவரவர் தாண்டக் கூடாது என்றார். பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்று தட்டுக்கு மேல் தட்டக் கூடாது, எதிராளியின் கையிலிருந்து பறிக்கவும் கூடாது என்றார். பெண்களின் தேகம் அதிகச் சிரமம் தாங்காது என்று அந்தக் காலத்தவர் கொண்டிருந்த பயத்துக்குச் செய்த சமாதானம் அது. ஆனால் விளைந்தது என்ன? ஓடவும் முடியாமல், தட்டவும் முடியாமல் நின்ற அந்தப் பெண்களுக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. அடைத்துவைத்த விதியே ஒரு வித்தையைப் பிறப்பித்துவிட்டது. அந்தக் கோடுகள் அழிந்து வெகு காலமான பிறகும், பெண்களின் கூடைப்பந்தில் ஆண்களின் ஆட்டத்தில் காணாத ஒரு கொடுக்கல் வாங்கல் நயம் இருக்கிறதென்று நான் சொன்னால், அது என் அபிமானத்தினால் மட்டும் சொல்வதல்ல. இன்னொரு செய்தியும் இதில் உண்டு. இத்தாலியச் சித்திரங்களின் தரத்தைப் பகுத்துணர்வதில் உலகப் பிரசித்தி பெற்ற பெர்னார்டு பெரன்ஸன், இந்த அம்மையாரின் உடன்பிறந்த தமையனார். அண்ணன் சித்திரத்துக்கு ரசனை வகுத்தார். தங்கை பந்துக்கு விதி வகுத்தாள். ரசனை அந்த வீட்டில் முதுசொம் போலும்.

சென்னைக்குப் போய்ச் சேர்ந்த காலையில் எழும்பூரில் ஓர் ஆட்டோக்காரர், என் துண்டையும் வயதையும் கவனித்துவிட்டு, "எந்த சபா சார்?" என்றார். இரண்டாம் தடவையாக நான் விளக்க வேண்டியதாயிற்று. பகலில் ஓய்வு கிடைத்தபோது அந்தத் தாயாரையும் ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு நந்தனத்துக்குப் போனேன். அங்கே மரநிழலில் பரந்துகிடக்கிறது ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நெய்ஸ்மித் பழக்கூடை அறைந்த அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்று வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் நிறுவியது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதுகிற பி.டி. மாஸ்டர் என்ற ஜாதி அங்கே உற்பத்தியானது. உள்ளூர் மைதானம்தோறும் இரண்டு கம்பமும் இரண்டு பலகையும் நட்டவர்கள் பெரும்பாலும் அந்த ஜாதியினர்தான். ஆசிரியை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நானும் கழற்றினேன்.

முதல் இரண்டு பந்தயங்களைப் பற்றி விஸ்தரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பெண்கள் சிரமமின்றி ஜெயித்தார்கள். திறந்தவெளிச் சிமெண்டுத் தளம். நாலு மூலையிலும் உயர்ந்த விளக்குக் கம்பங்கள். எங்களுக்கு உட்கார சிமெண்டுப் படிகள். படிகளில் இருந்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேர் பழைய ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு அசைவுக்கும் விமர்சனம் உண்டு, வாக்குவாதம் உண்டு. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி வைத்துக் கவிதையைச் சுவைத்தாரென்றால், இது எங்கள் வட்டத்தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, நாற்காலிதான் இல்லை.

அந்தப் படிகளில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று அனிதா பால்துரை. சென்னையில் வளர்ந்து, பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவியாகி, ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடியவர்; தாயான பிறகு மீண்டும் களமிறங்கி, 2017-இல் பெங்களூரில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்று ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவைக் கைப்பற்றிய அணியில் நின்றவர்; 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். மற்றது கீத்து அன்னா ஜோஸ். கேரளத்தில் பிறந்து, தெற்கு ரயில்வேக்காகச் சென்னையில் ஆடி, ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்குப் போய் விளையாடி, 2011-இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வு வரைக்கும் சென்று வந்தவர். படிகளில் இருந்த தாய்மார்கள் 'பத்மஸ்ரீ' என்ற சொல்லை விடவும் 'ரயில்வே' என்ற சொல்லைத்தான் அதிகக் கவனத்தோடு கேட்டார்கள். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒரு பந்து ஒரு குடும்பத்துக்கு மாதச் சம்பளமாக மாறும் என்ற நம்பிக்கையில்தான் எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகளைச் சாயங்காலம் மைதானத்துக்கு அனுப்புகிறார்கள்.

இனி, ஏழாம் நம்பரின் வித்தையைச் சற்றுக் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். உயரம் என்று சொல்ல முடியாது. ஐந்தடி மூன்று அங்குலம் இருக்கலாம். ஆட்டம் தொடங்குமுன் குனிந்து இரண்டு பூட்ஸ்களின் அடியையும் உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துக்கொள்வாள். பந்து கைக்கு வந்ததும் அதைப் பார்க்கவே மாட்டாள். எதிரிகளையும் அதிகம் பார்ப்பதில்லை. எங்கோ மூலையில், ஆளில்லாத இடத்தில், யாருக்கோ சைகை செய்கிறவளைப் போல அவள் பார்வை போகும். காவல் நிற்கிறவளின் பார்வையும் அவளை அறியாமல் அந்தப் பக்கம் சாயும். சாய்கிற அந்த அரை விநாடியில், காவல்காரி ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றும்போது, பந்து அவள் முழங்காலுக்கு அருகே தரையில் ஒரு தட்டுத் தட்டி, வளையத்தடியில் திரும்பிக்கொண்டிருக்கிற தோழியின் கையில் ஏறியிருக்கும். இதுவரை செய்யப் பல பேரால் முடியும். நான் அவளிடம் மயங்கியது இதற்கு மேலே உள்ள ஒரு நுட்பத்தினால். அணியில் ஒருத்தி இடதுகைக்காரி. அவளுக்குப் போகிற பந்து எப்போதும் இடது தோளுக்கு வெளியேதான் போகும். இன்னொருத்தி ஓடிக்கொண்டே வாங்கினால் தடுமாறுவாள். அவள் நின்ற பிறகே பந்து கிளம்பும். நடு ஆட்டக்காரியான நெட்டைப் பெண்ணுக்கு அந்த வாரம் மோதிர விரல் பிசகி, சுண்டுவிரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்: அந்தப் பந்தயம் முழுவதும் ஏழாம் நம்பர் அவளுக்கு ஒரு பந்தைக்கூட நேராக விரலில் அறைகிறபடி வீசவில்லை, எல்லாம் தரையில் தட்டி, வேகம் தணிந்து, உள்ளங்கையில் போய் உட்கார்ந்தன.

பெண்கள் ஆடுகிற ஆறாம் எண் பந்து அரை கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். அந்த அரை கிலோவை ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு எடையாக்கிக் கொடுக்கிற சாமர்த்தியத்துக்கு என்ன பெயர் வைப்பது? பந்து வைத்திருக்கிற அணி 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. விநாடிக்கு ஓர் அட்சரமென்று போட்டால் ஆதி தாளத்தில் மூன்று ஆவர்த்தனம். நல்ல பாடகர் மூன்றாம் ஆவர்த்தனத்தின் கடைசியில் எடுப்புக்கு வந்து சேர்வது போல, அவள் கணக்கு கடைசி நாலைந்து விநாடியில்தான் வெளிப்படும். அதற்குமுன் நடந்ததெல்லாம் ஆலாபனை. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எனக்குள்ள ஒரே மனக்குறையும் இங்கேதான் இருக்கிறது. 6.75 மீட்டருக்கு அப்பாலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்று வைத்ததிலிருந்து, ஆலாபனையே இல்லாமல் நேரே துக்கடா பாடுகிற வழக்கம் பெருகிவிட்டது. விழுந்தால் கைதட்டல், விழாவிட்டால் அடுத்த துக்கடா. விழுகிறபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்பதை மறைப்பானேன்.

கைதட்டலே இல்லாத வித்தை இன்னொன்றும் உண்டு: ஸ்கிரீன். தோழியைத் துரத்திவருகிற எதிராளியின் வழியில், கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரு பெண் கோயில் தூண் மாதிரிப் போய் நிற்பாள். ஓடிவருகிறவள் அவள்மேல் மோதித் தடுமாறுவாள். அதற்குள் தோழி விடுபட்டுப் பந்தை வாங்கி வளையத்தில் போட்டிருப்பாள். போட்டவளுக்கு ஆரவாரம். தூணாக நின்றவள் தோளைத் தடவிக்கொண்டே மறுகோடிக்கு ஓடுவாள். நின்ற பிறகு ஓர் அடி நகர்ந்தாலும் பவுல். ஆகவே அடி வாங்குவதில்தான் அவள் நேர்மை இருக்கிறது.

அரையிறுதிப் பந்தயம் இரவு ஏழு மணிக்கு. மத்தியானத்திலிருந்தே கிழக்கே கறுத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் பகுதி முடிகிற தறுவாயில் தூறல் விழுந்து, நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். கல்லூரிப் பையன்கள் சாக்குகளையும் பஞ்சுத் துடைப்பான்களையும் கொண்டுவந்து தளத்தை ஒற்றி எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் விசில். 1936-இல் பெர்லினில் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, டென்னிஸ் மைதானத்து மண்தரையில், கொட்டுகிற மழையில் இறுதிப் பந்தயம் நடந்து, பந்து தரையில் எழும்பாமல் போய், அமெரிக்கா கனடாவை 19–8 என்று ஜெயித்ததை நான் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தச் சமயத்தில் என் சரித்திர ஞானம் தேவைப்படவில்லை.

எதிரே நின்றது சென்னை அணி. உள்ளரங்கத்து மரத்தளத்தில் பழகிய, வாட்டசாட்டமான பெண்கள். தட்டிக்கொண்டே மூன்று பேரைக் கடந்துபோகிற வேகக்காரிகள். ஈரத்தில் அந்த வேகமே அவர்களுக்குச் சத்துருவாயிற்று. தட்டிய பந்து எழும்பவில்லை. திரும்பிய கால் வழுக்கிற்று. எங்கள் பெண்களோ, விடியற்காலத்தில் உப்பு ஈரம் பிசுபிசுக்கிற தளத்தில் பயிற்சி செய்கிறவர்கள். வழுக்குகிற பந்தைத் தட்டாமல் கொடுப்பதே உத்தமம் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் பகுதியில் பந்து தரையையே அதிகம் தொடவில்லை. ஏழு, நாலு, ஏழு, பத்து, ஏழு, பதினாலு என்று கையிலிருந்து கைக்கு, நூல் கோத்த மாதிரி, அது போய்க்கொண்டிருந்தது. ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தவர்கள் மூன்று புள்ளி முன்னே வந்துவிட்டார்கள். படிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எழுந்திராமல் இருந்தவள் ஒருத்திதான். ஏழாம் நம்பரின் தாயார், முந்தானையைத் தலைக்குமேல் போர்த்துக்கொண்டு, உதடு அசைய, கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்கள்மேல் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். மகள் ஜெயிக்க வேண்டுமென்று ஜபம் செய்கிறாள் என்று நான் நினைத்தேன்.

நாலாம் பகுதியில் தளம் காய்ந்துவிட்டது. காய்ந்த தளம் சென்னைப் பெண்களுடையது. 52–49. எங்கள் நெட்டைப் பெண் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதாள். ஏழாம் நம்பர் பந்துகளை எண்ணி வலைப்பையில் போட்டாள். மேஜையில் இருந்த அதிகாரபூர்வமான ஆட்டத்தாளை எட்டிப் பார்த்தேன். அதில் புள்ளிகளுக்கும் பவுல்களுக்கும்தான் இடம் உண்டு. கொடுத்த கணக்குக்குக் கட்டம் கிடையாது. ஏழாம் நம்பருக்கு எதிரே இருந்தது இரண்டே புள்ளி.

திரும்புகாலில் கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் விடிந்தது. பிள்ளைகள் எல்லாம் மேல் படுக்கைகளில் அயர்ந்து கிடந்தார்கள். தாயார் தேநீர் வாங்கி எனக்கொன்று நீட்டிவிட்டு, "அண்ணாச்சி, அந்த நோட்டுல பாருங்க, முந்தாநேத்து எம் பிள்ள எத்தன குடுத்தா?" என்றாள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். "ஒன்பது."

"இல்ல. பதினொண்ணு."

அவள் வலதுகையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல், சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக ஏறி இறங்கி, ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் வந்து நின்றது.

"முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு எழுதுனவன் நான். தப்பாதும்மா."

"மழைக்குப் பொறவு அந்த ஒசரமான பிள்ளைக்கு ரெண்டு குடுத்தால்லா? அத உட்டுட்டீக."

எனக்கு நினைவு வந்தது. பிளாஸ்திரி ஒட்டிய விரல்களுக்கு, அடுத்தடுத்து, பூவை வைப்பது போல வந்த இரண்டு பந்துகள். இரண்டையும் அந்தப் பெண் எறிந்தாள். ஈரப் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது. கூடையில் விழுந்தால்தான் கொடுத்தவள் பேரில் கணக்கு ஏறும், விழாவிட்டால் ஏறாது, அது சாஸ்திரம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"அவ போட்டது விழாட்டா இவ என்ன செய்வா?" என்றாள். "குடுத்தது குடுத்ததுதான?"

மணியாச்சியில் வண்டி நின்று, என்ஜின் ஊதி, மறுபடியும் கிளம்பிற்று. நான் பேனாவை எடுத்து ஒன்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன். வண்டி குலுங்கியதில் இரண்டு ஒன்றும் சற்றுக் கோணலாகவே விழுந்தன.